கோச் க்ரோக்கரின் புல்வெளியில் பதினோரு பலகைகள்

கால்டர்வில், ஓக்லஹோமா
ஏப்ரல் 11, 2016

மதிப்பிற்குரிய விளையாட்டுப் பகுதி ஆசிரியர் திரு. லயல் ஸ்டாம்பர் அவர்களுக்கு, கால்டர்வில் வாசி கார்லண்ட் பீஸ்லி பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி மேவிஸும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் குறைவின்றி ஓட வேண்டுகிறேன்.

முதலில் ஓர் அசிங்கமான உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1994 அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வயிற்றுவலி என்று மனைவியிடம் பொய் சொல்லி தேவாலயத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, எங்கள் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் டெல்பர்ட் க்ரோக்கரின் வீட்டு முன்புறப் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகையை நட்டவன் நான். தோற்கிற கோச்சுக்கு நம் பக்கத்தில் செய்கிற மரியாதை இது. ஊரைவிட்டுக் கிளம்பு என்று முகத்துக்கு நேரே சொல்ல வெட்கமாக இருப்பதால் பலகையை விட்டுச் சொல்லச் செய்கிறோம். ஆனால் கால்டர்வில்லில் வீட்டுத் தரகன் நான் ஒருவன்தான். பலகையில் என் தொலைபேசி எண்ணும், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் என் முகமும் இருந்தன. அதோடு போய்த்தான் அந்த ரகசியக் காரியத்தைச் செய்தேன்.

இதை இப்போது எதற்குக் கிளறுகிறேன் என்றால், கோச் க்ரோக்கர் மார்ச் மாதம் காலமானார். இந்த மாதம் தங்கள் பத்திரிகையில் மாநிலத்தின் தலைசிறந்த ஐம்பது உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர்களின் பட்டியல் வந்தது. முன்னூறு ஆட்டம் ஜெயித்தவர் இருக்கிறார், வெற்றி ஊர்வலத்துக்கு யானை கொண்டுவந்தவர் இருக்கிறார், எங்கள் கோச் இல்லை. ஐம்பது பேரைத் தேடிய தங்கள் கண்ணில் கால்டர்வில் என்ற ஊர் விழவேயில்லையா? வாசகர் கடிதங்களைப் பார்த்து இன்னும் ஒரு பெயர் சேர்ப்பதாகவும், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றும் போட்டிருக்கிறீர்கள். இதற்கிடையில் எங்கள் பள்ளிக்குப் புது மைதானம் தயாராகிவிட்டது. யார் பெயரை வைப்பது என்று கூட்டம் போட்டார்கள். "க்ரோக்கர் பேரு அந்தப் பட்டியல்ல வந்தா வெப்போம். வரலேன்னா ஸ்கோர்போர்டு வாங்கிக் குடுத்த டயர் கடைக்காரர் பேருதான்" என்று நிர்வாகக் குழுத் தலைவர் சொல்லிவிட்டார். கோச்சின் மனைவி நடீன் அம்மாள் பின்வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கைப்பையைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு, மூடினார். அவ்வளவுதான்.

கணக்குப் பார்த்தால் எங்கள் கோச் பட்டியலுக்குள் வரமாட்டார், ஒப்புக்கொள்கிறேன். இருபத்துநாலு வருஷத்தில் நூற்றுப்பதினெட்டு வெற்றி, நூற்று நாலு தோல்வி. மாநிலக் கோப்பை ஒன்றும் இல்லை. 1994-இல் கோப்பை வந்திருக்கும். அந்த வருஷம் பந்தைக் கையால் எறிந்து ஆட்டத்தை நடத்திய எங்கள் க்வார்ட்டர்பேக் ஒரு சூரன். அவன் எறிந்தால் பந்து தபால் மாதிரி விலாசத்துக்குப் போய்ச் சேரும். பெயர் ட்ராய் பீஸ்லி. என் மகன். இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு தடியன்கள் சேர்ந்து அவன்மேல் விழ, ஹெல்மெட்டோடு தலை தரையில் மோதியது. எழுந்து நடந்துதான் வந்தான். அந்தக் காலத்தில் எழுந்து நடந்தால் நலம் என்று அர்த்தம். கோச் மட்டும் அவனை உட்கார வைத்தார். அந்த வாரம், அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். நாங்கள் வரிசையாகத் தோற்றோம். ஊர் கொதித்தது, எல்லாரையும்விடச் சூடாகக் கொதித்தவன் நான்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை. சுத்தியலோடு குனிந்து வேலிச் செடியைத் தாண்டினால், அந்தப் பக்கம் இன்னொருவன் குனிந்திருக்கிறான். எங்கள் சபையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற ஹார்லன் வீப். கையில் என் பலகை.

"யோவ், சித்தி நிலத்துக்குன்னுதானே இதை வாங்கிட்டுப் போனே?"

"உனக்கு வயித்துவலின்னு மேவிஸ் சொல்லிட்டிருந்தாளே?"

"இப்பத் தேவலை."

பேசி முடிப்பதற்குள் முடிவெட்டுகிறவர் வந்தார், தபால்காரர் வந்தார், இன்னும் ஏழு பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப பிரசங்கம் யாருதான்யா கேக்கறாங்க?" என்றார் தபால்காரர்.

"பொம்பளைங்க" என்றான் ஹார்லன்.

அப்போது கோச்சின் பிக்கப் வண்டி வந்து நின்றது. சபை விருந்துக்கு நடீன் அம்மாள் செய்திருந்த சோளப் பலகாரத்தை மறந்து அடுப்பிலேயே விட்டுப் போயிருந்தார்கள். அதை எடுக்க வந்தவர். தம்மிடமிருந்த ஒரே கோட்டு சூட்டில் இறங்கி எங்கள் பதினோரு பேரையும் பார்த்தார். பதினோரு பேர்; ஓர் அணிக்குச் சரியாக இருந்தது. என்னிடம் வந்தார்.

"கார்லண்ட், அங்க நடாதே. கீழ தண்ணிக் குழா போவுது. ரெண்டடி இடப்பக்கம் தள்ளிக்க."

தள்ளிக்கொண்டேன். அவர் குத்துக்கட்டையைப் பிடித்துக்கொள்ள, நான் அடித்தேன். வேறு என்ன செய்வது? மூன்றாவது அடியில் என்னால் பொறுக்க முடியவில்லை.

"கோச், ட்ராய் நல்லாத்தான் இருக்கான். டாக்டரே ஆடலாம்னுட்டாரு."

"டாக்டரு அவனை அஞ்சு நிமிஷம் பார்த்தாரு. நான் தினம் பாக்கறேன்."

"இந்த வருஷம் ஆடலேன்னா எந்தக் காலேஜ் அவனைக் கூப்பிடும்?"

"கூப்பிடாமலே போவலாம்."

"உங்க வேலை போயிடும், கோச்."

"போவலாம்." கட்டையை ஆட்டிப் பார்த்தார், உறுதியாக நின்றது. "போன திங்கக்கிழமை அவன்கிட்ட மூணு வார்த்தை சொன்னேன். கோதுமை, பாலம், கழுதை. அஞ்சு நிமிஷம் கழிச்சு, என்ன சொன்னேன்னு கேட்டேன். கோதுமைன்னான். மத்த ரெண்டும் வரலை. வரலேன்னு எனக்குத் தெரியக் கூடாதுன்னு சிரிச்சான், பாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை, கார்லண்ட்."

பாத்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்தவர், "சாப்பாட்டுக்காவது வாங்கப்பா, நெறைய இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். போனோம். முழங்காலில் மண்ணோடு பதினோரு பேர் வரிசையில் நின்று அவர் மனைவி கையால் வாங்கிச் சாப்பிட்டோம்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் என் மகனிடம் அதே மூன்று வார்த்தைகளைச் சொன்னேன். உருளைக்கிழங்கு மசியல் ஒரு சுற்று வந்ததும் கேட்டேன். "என்ன வார்த்தைப்பா?" என்றான். மேவிஸின் கரண்டி பாதியில் நின்றது. அந்த ஒரு மாதமாக நான் அவனிடம் கேட்டதெல்லாம் அவன் தோள்பட்டையைப் பற்றித்தான்.

மூன்று வார்த்தைகளும் சேர்ந்து வர டிசம்பர் ஆகிவிட்டது. அதற்குள் எங்கள் அணி ஒன்றில் ஜெயித்து ஒன்பதில் தோற்றிருந்தது. நிர்வாகக் குழுவில் ஒரே ஒரு ஓட்டில் கோச்சின் வேலை தப்பியது. பலகைகளைப் பிடுங்கிவிடுகிறேன் என்று நான் போய் நின்றபோது, "இருக்கட்டும், நடீனுக்குப் பீன்ஸ் கொடி ஏத்தக் கம்பு வேணுமாம்" என்றார். மறு வருஷக் கோடை முழுவதும் பதினோரு கொடிகளுக்கு நடுவே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வீடு என்ன விலை என்று மூன்று பேர் எனக்கு ஃபோனும் செய்தார்கள்.

ட்ராயை எந்தக் கல்லூரியும் ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை. படித்தான். இப்போது டல்சாவில் ரசாயன வாத்தியார். தனிம அட்டவணை முழுவதையும் பார்க்காமல் சொல்வான். கோச்சின் இறுதிச் சடங்கில் பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்று போதகர் சொன்னபோது எழுந்தான். "கோதுமை, பாலம், கழுதை" என்றான். உட்கார்ந்துவிட்டான். பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று பாதிச் சபை திரும்பிப் பார்த்தது. நடீன் அம்மாள் மட்டும் தலையை ஆட்டினார். நான் என் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நிமிர முடியவில்லை.

ஐயா, வெற்றிகளை எண்ணத் தங்களிடம் ஆள் இருக்கிறது. தோற்றால் என்ன ஆகும் என்று தெரிந்தும், ஒரு பையனின் தலைக்காக ஊரையே எதிர்த்துத் தோற்றவரை எந்தப் பத்தியில் போடுவீர்கள்? ஐம்பத்தொன்றாவது இடமே போதும். சின்ன எழுத்தில் போட்டாலும் குறையில்லை. நடீன் அம்மாள் கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்வார்.

தங்கள் குடும்பத்தாருக்கும், அந்த ஐம்பது பேரில் இன்னும் உயிரோடு இருப்பவர்களுக்கும் என் வணக்கங்கள். கர்த்தர் தங்களுக்கு நீண்ட ஆயுளும், இன்னும் கொஞ்சம் விசாலமான பார்வையும் அருளட்டும்.

இப்படிக்கு,
கார்லண்ட் பீஸ்லி

பி.கு.: தபால்தலை தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். தங்கள் அலுவலகத்திலிருந்து போன அக்டோபரில் வந்த உறை ஒன்று அகப்பட்டது. 'செயலாளர், கால்டர்வில் கால்பந்து ஆதரவாளர் சங்கம்' என்று விலாசம். பதினாறு வருஷமாக அந்தச் செயலாளர் நான்தான். உள்ளே ஒரு படிவம்: தங்கள் ஊரிலிருந்து சிறந்த பயிற்சியாளர் ஒருவரைப் பரிந்துரைக்கவும், நவம்பர் முப்பதுக்குள் வராத ஊர்களைச் சேர்க்க இயலாது. பூர்த்தி செய்து இத்துடன் இணைத்திருக்கிறேன். உறையை இன்றுதான் பிரித்தேன். அதன்மேல் காபிக் கோப்பை வைத்த வட்டம் மூன்று இருக்கிறது.