தீப்பெட்டிக்குள் ஒரு வாக்கெடுப்பு

இந்த முறை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன். பல் துலக்கும்போது எடுத்த முடிவு. வாயில் நுரை இருந்ததால் உரக்கச் சொல்ல முடியவில்லை. கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் என் உறுதியான முடிவுகள் எல்லாமே வாய் திறக்க முடியாத நேரத்தில் எடுத்தவைதான்.

விட்டுக்கொடுக்கக் கூடாத பொருள், என் கார். சிவப்பு. சின்னது. பக்கத்துக்கு ஒரே கதவு. தரையோடு தரையாக ஓடும். மிதித்தால் யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் பாயும். வீட்டில் அதற்குத் தீப்பெட்டி என்று பெயர். வைத்தவள் என் மனைவி. முதல் தடவை ஐந்து பேரும் ஏறியபோது, "குச்சி அடுக்குற மாதிரி அடுக்குறீங்களே" என்றாள். பெயர் பற்றிக்கொண்டது.

ஐம்பத்து நான்கு வயதுக்காரனுக்குச் சிவப்புக் கார் எதற்கு? நானே என்னைக் கேட்டிருக்கிறேன். பாடப்புத்தகங்கள் அச்சாகும் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன் நான். நாள் முழுக்க அடுத்தவர் வாக்கியத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்ப்பது வேலை. சாயங்காலம் தீப்பெட்டியின் சாவியைத் திருப்பும்போதுதான் எனக்கென்று ஒரு வாக்கியம் தொடங்கும். அச்சகத்திலிருந்து வீட்டுக்குப் பதினாறு நிமிடம். அந்தப் பதினாறு நிமிடம் நான் யாருக்கும் அப்பா இல்லை, யாருக்கும் மாப்பிள்ளை இல்லை. இது சுயநலமா? இருக்கலாம். ஆனால் பதினாறு நிமிடம்தானே. அதற்கு மேல் சுயநலமாக இருக்க எனக்குத் தைரியமும் இல்லை.

என் மனைவி பிசியோதெரபிஸ்ட். மனிதர்களை அவள் மூட்டு மூட்டாகத்தான் பார்ப்பாள். அன்று காலைச் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தாள்.

"என்னங்க, இந்த வண்டியை என்ன பண்றதா உத்தேசம்?"

"ஓட்டுறதா உத்தேசம்."

"நீங்க அதுலேருந்து இறங்கும்போது ஒரு சத்தம் வருது. கவனிச்சீங்களா?"

"கதவுக்கு எண்ணெய் போடணும்."

"கதவு இல்லீங்க. நீங்க."

மகள் சிரிப்பை டம்ளருக்குள் விட்டாள். அவள் ஒரு ஸ்கேன் மையத்தில் வேலை பார்க்கிறாள். அடுத்தவர் உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று பார்ப்பது அவளுக்குப் பழக்கம்.

"ஏழு பேர் உட்கார்ற வண்டியா ஒண்ணு பார்க்கலாம்" என்றாள் மனைவி.

"நாம அஞ்சு பேர்தானே."

"மீதி ரெண்டு, உங்க முதுகுக்கும் அப்பா முழங்காலுக்கும்."

அப்பா என்றால் என் மாமனார். எங்களோடுதான் இருக்கிறார். முப்பது வருடம் கால்பந்து நடுவராக இருந்தவர். மைதானம் முழுக்க ஓடி ஓடி, கடைசியில் இரண்டு முழங்கால்களும் அவருக்கே சிவப்பு அட்டை காட்டிவிட்டன. அவர் அப்போது நாளிதழுக்குப் பின்னால் இருந்தார்.

"கடைசியா மூணு தடவை வெளிய கிளம்பினப்போ, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்னு தங்கிட்டாரு" என்று மனைவி குரலைத் தாழ்த்தினாள். "வீட்டை யாரும் தூக்கிட்டுப் போகப் போறதில்ல. ஏறி இறங்க நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கேன்னு கூச்சம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காலையில் நுரையோடு எடுத்த முடிவு அது.

"பெரிய வண்டியில பின் சீட்டை மடக்கிக்கலாமாம்" என்று தொடர்ந்தாள். சீட்டை மடக்குவதற்குள் என்னை மடக்கிவிடுவாள் என்று தெரிந்தது. ஒரு யோசனை வந்தது. அது நல்ல யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"ஓட்டுக்கு விடலாம்" என்றேன். "வர்ற ஞாயிறு, காலையில பத்து மணிக்கு. ஆனா ஓட்டுறவங்களுக்குத்தான் ஓட்டு."

கணக்கு எளிது. வீட்டில் கார் ஓட்டுகிறவர்கள் மூன்று பேர். நான், மகள், கல்லூரிக் கடைசி வருடம் படிக்கும் மகன். மகள் அம்மா கட்சி. மகன் என் கட்சி. என் காலத்துக்குப் பிறகு தீப்பெட்டி தனக்கு என்று நம்புகிறவன். இரண்டுக்கு ஒன்று. என் மனைவிக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

"அப்ப எனக்கு ஓட்டு இல்லையா?"

"நீ ஓட்டினா உண்டு."

நாளிதழ் இறங்கியது. "நான் ஓட்டியிருக்கேனே மாப்பிள்ளை. சங்கத்து வேன். பதினோரு பேரை ஏத்திக்கிட்டு."

"ஓட்டினவர் வேற, ஓட்டுறவர் வேற மாமா. இறந்தகாலம் செல்லாது."

"இந்த வயசுல என்கிட்ட அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க."

அவரைச் சமாதானப்படுத்த, நடுவர் பதவி கொடுத்தேன். உடனே முகம் மலர்ந்தது. எழுந்து போய் விசிலைத் தேட ஆரம்பித்துவிட்டார். ஒரு பழைய புரூஃப் தாளின் முதுகில் விதிகளை எழுதினேன். ஒன்று: வண்டி ஓட்டுகிறவருக்கே ஓட்டு. இரண்டு: கையை முழுதாக, நேராக உயர்த்த வேண்டும், அரைக்கை செல்லாது. மூன்று: நடுவரின் தீர்ப்பே இறுதி. இரண்டாவது விதிக்குக் காரணம் உண்டு. எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் தலை சொறிந்தவர்களையெல்லாம் எண்ணித்தான் தண்ணீர்த் தொட்டிக்கு ஊதா நிறம் அடித்தார்கள்.

மனைவி தாளை இரண்டு தடவை படித்தாள். பேசாமல் கையெழுத்துப் போட்டாள். இருபத்தாறு வருட அனுபவம் உள்ளவன் அங்கேயே பயந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஒன்பதரை மணிக்கு, நான் தோசைக்கல் மாதிரி சூடாகத் தயாராக இருந்தபோது, அவள் ஓர் அட்டையை மேசைமேல் வைத்தாள். டிரைவிங் லைசென்ஸ். அவள் படம். அசட்டுச் சிரிப்புகூட இல்லாமல் நன்றாக விழுந்திருந்தது.

"இது எப்ப?"

"போன மாசம் வந்துது."

"எப்ப கத்துக்கிட்டே?"

"மூணு மாசம், செவ்வாய், வியாழன் சாயங்காலம். கிளாஸுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்."

"நான் யோகான்னு நெனச்சேன்."

"நான் யோகான்னு சொல்லலையே. என்ன கிளாஸுன்னு நீங்களும் கேக்கலையே."

முந்நூறு பக்கத்தில் விட்டுப்போன ஒரு கால்புள்ளி என் கண்ணுக்குத் தப்பாது. மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் மனைவி எங்கே போனாள் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? தீப்பெட்டியில் இருந்தேன். பதினாறு நிமிடத்தில் இருந்தேன். யோசித்தால் வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க மனிதன் என்ன செய்வான்? இலக்கணம் பேசுவான்.

"லைசென்ஸ் வெச்சிருக்கிறவர் வேற, ஓட்டுறவர் வேற" என்றேன்.

"அப்ப ஓட்டிக் காட்டட்டுமா?"

"காட்டு பார்க்கலாம்."

உள்ளங்கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். ஒரு ராஜா கோட்டைச் சாவியைக் கொடுப்பதுபோல் கொடுத்தேன் என்று பிறகு மகன் சொன்னான். "எல்லாரும் வாங்க, சாட்சி வேணும்ல" என்று நடந்தாள்.

மாமனார் முன்னால். நாங்கள் மூன்று பேர் பின்னால். இரண்டு பேருக்கான இடம் அது. "அப்பா, நீங்க நடுவுல உக்காருங்க, ரெண்டு பக்கமும் வேடிக்கை பார்க்கலாம்" என்றாள் மகள். ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். அந்தப் பின்சீட்டில் நான் உட்கார்வது அதுதான் முதல் தடவை. முழங்கால் தாடையை இடித்தது. கூரை உச்சந்தலையை ஆசீர்வதித்தது. வலக்கை மகனுடைய விலாவுக்கு அடியிலும் இடக்கை மகளுடைய கைப்பைக்கு அடியிலும் போயின. ஜன்னல் இருந்தது, திறக்காத ஜன்னல். இதில்தானா இவர்களை உட்காரவைத்து, "என்ன, சௌகரியமா இருக்கா?" என்று கண்ணாடியில் கேட்டுக்கொண்டிருந்தேன்?

அவள் ஓட்டினாள். எப்படி ஓட்டினாள் என்று சொல்லத்தான் வேண்டும். என்னைவிட நன்றாக. திருப்பத்தில் கியரை மாற்றியபோது தீப்பெட்டி பூனைக்குட்டி மாதிரி குழைந்தது. எனக்கு அது அப்படிக் குழைந்ததில்லை. பூங்கா வாசலில் ஓரமாக நிறுத்தினாள்.

"மணி பத்தாகப் போகுது. ஓட்டை இங்கயே முடிச்சிடலாம்."

"வீட்டுக்குப் போய்ப் போடலாமே" என்றேன். குரல் என் முழங்கால்களுக்கு நடுவிலிருந்து வந்தது.

மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்துன்னா பத்து மாப்பிள்ளை. ஆட்டத்தைத் தள்ளிப்போட மழை பெய்யணும்." விசிலை வாயில் வைத்தார்.

"தீர்மானத்தை நான் சொல்றேன்" என்றாள் மனைவி. "பெரிய வண்டி ஒண்ணு வாங்கி, மாத்திக்கலாம்."

"மாத்தலாம்னு சொல்லணும். 'மாத்திக்கலாம்' தப்பு."

"நான் சொன்னது சரிதாங்க."

விட்டுவிட்டேன். அவள் இலக்கணத்தைத் திருத்த அது நேரமில்லை.

"ஆதரிக்கிறவங்க" என்றார் நடுவர். மனைவி பக்கத்து ஜன்னலை இறக்கி, கையை வெளியே விட்டு, வானத்தை நோக்கி நேராக உயர்த்தினாள். மகள் தூக்கிய கை கூரையில் முட்டி மடங்கியது. "முழங்கை வளைஞ்சிருக்கு. செல்லாது" என்றார். சொந்தப் பேத்தி என்றும் பார்க்கவில்லை. எனக்கு நம்பிக்கை பிறந்தது. எவ்வளவு நேர்மையான மனிதர்.

"எதிர்க்கிறவங்க."

மகன் தூக்கினான். கூரை. செல்லாது. நான் வலக்கையை உருவினேன். பாதி வந்தது. தோளைக் குறுக்கி, கழுத்தைச் சாய்த்து, எப்படியோ காது வரைக்கும் கொண்டுவந்தேன்.

"காது அரிக்குதா மாப்பிள்ளை?"

"ஓட்டுப் போடுறேன் மாமா."

"விதி ரெண்டு."

"அது தெரியும் மாமா, ஆனா..."

"எழுதினது நீங்க. ஒன்றுக்குப் பூஜ்யம்." விசில் ஊதினார். அந்தச் சின்னத் தீப்பெட்டிக்குள் முப்பது வருட அனுபவமுள்ள விசில். என் காது அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டிருந்தது.

"இருங்க, நான் வெளிய இறங்கிப் போடுறேன்" என்றேன்.

மனைவி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "யாரும் பிடிக்காம இறங்குங்க. இறங்கிட்டா மறு ஓட்டுக்கு நான் தயார்."

இறங்கினேன் என்று எழுத ஆசைதான். முதலில் மாமனாரை மனைவி பிடித்து இறக்கினாள், பிறகு மகள் இறங்கி வெளியிலிருந்து இழுத்தாள், மகன் உள்ளிருந்து தள்ளினான், மனைவி என் இடுப்பைத் தொழில்முறையாகப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தம் வந்தது. பூங்காவில் வேக நடை நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமனார் என் பக்கம் சாய்ந்தார். நடுவர் குரலில் இல்லை, மாமனார் குரலில் சொன்னார். "எனக்குத் தினமும் இப்படித்தான் மாப்பிள்ளை."

அதற்குப் பிறகு நான் மேல்முறையீடு செய்யவில்லை.

மூன்று வாரத்தில் பெரிய வண்டி வந்தது. சாம்பல் நிறம். பக்கக் கதவு அலமாரிக் கதவு மாதிரி நகர்ந்து திறந்தது. அவள் சேமிப்பில், அவள் பெயரில் வாங்கினாள். நான் தீப்பெட்டியைக் கடைசியாக ஒரு தடவை கழுவினேன். கடைசி என்பதால் சக்கரங்களைப் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தேன். மகன் பார்க்காத நேரத்தில் அதன் கூரையைத் தட்டிக்கொடுத்தேன். மனைவி மட்டும் பார்த்துவிட்டாள்.

"வாங்குறவங்க எப்ப வர்றாங்க?" என்று கேட்டேன்.

"எதை வாங்குறவங்க?"

"தீப்பெட்டியை."

"அதை யாருங்க விக்கிறா?"

எனக்குப் புரியவில்லை. "தீர்மானம் போட்டோமே."

"விக்கலாம்னா போட்டோம்? மாத்திக்கலாம்னு போட்டோம். இந்த வண்டி என்னோடது, அந்த வண்டி உங்களோடது. மாத்திக்கிட்டோம்." பெரிய சாவியை என் கையில் வைத்து விரல்களை மூடினாள். "நான் கிளினிக்குக்குத் தனியாத்தானே போறேன். எனக்கு எதுக்கு ஏழு சீட்டு?"

முப்பது வருடம் புரூஃப் பார்த்திருக்கிறேன். சரியாக இருந்த ஒரே ஒரு சொல்லைத் தப்பு என்று சொன்னவன் நான்தான்.

"கிளினிக்குக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"இருபது நிமிஷம்." கொஞ்சம் யோசித்தாள். "இருபது நிமிஷம் யாருக்கும் அம்மா இல்ல, பொண்ணு இல்ல. நல்லாத்தான் இருக்கும்ல?"

அதை நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இருபத்தாறு வருடமாக நான் சொல்லாதவற்றைத்தான் அவள் அதிகம் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. வேறு ஏதோ வந்தது. கார் கழுவிய தண்ணீர் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பெரிய வண்டியை எடுத்தேன். மாமனார் யாரும் பிடிக்காமல் ஏறி, நடு வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து, நாளிதழை அகல விரித்தார். மகள் ஒரு பக்கம். மகன் கடைசி வரிசையில் படுத்தேவிட்டான். இன்னும் ஒன்று: ஒரு சத்தமும் இல்லாமல் நான் ஏறினேன். இதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

பெரிய சாலைச் சிக்னலில் நின்றோம். பக்கத்தில் சிவப்பாக ஏதோ வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். ஜன்னலை இறக்கி, என்னை நிமிர்ந்து பார்த்தாள். பச்சை விழுவதற்கு இரண்டு நொடி இருந்தது.

"இடது பக்கமா ஓரத்துல வாங்க, அங்கிள்" என்றாள். போய்விட்டாள்.