பொட்டு வெச்ச ஃபோனு

வேலை என்னவோ பத்து நிமிஷ வேலைதான். அடி அண்ணாமலைக்குப் போகணும். மாவு மில்லு தனம் அக்கா ஃபோன்ல இருக்கற ஏழு நாள் டேட்டாவை எங்க கைடு மேடத்துக்கு அனுப்பணும். வேங்கிக்காலுக்குத் திரும்பி வந்து தூங்கணும்.

மொபைல் ஃபோனு நம்ம அன்றாட வாழ்க்கைக்குள்ள எப்படிப் புகுந்திருக்குன்னு நான் ஆராய்ச்சி பண்றேன். ஆறு பேர் ஃபோன்ல ஒரு ஆப் போட்டு விட்டிருந்தேன். ஒரு நாளைக்கு எத்தினி தடவை ஃபோனைக் கையில எடுக்கறாங்கன்னு அது எண்ணும். அஞ்சு பேரோடது வந்தாச்சு. அக்கா ஃபோன்ல மட்டும் நெட் தீர்ந்து போச்சு.

"ஆறு மணிக்குள்ள வரலைன்னா ஆராய்ச்சிப் பேப்பர்ல உன் பேரு இருக்காது"ன்னு மேடம் சொல்லிட்டாங்க. மூணு வருஷமா நான் நாயா அலையறதே அந்தப் பேருக்குத்தான்.

அந்த ஏழு நாள்ல கடைசி நாள், அதாவது அன்னிக்கு, ஆயுத பூஜை. லீவு நாளு, அக்கா எங்கயும் போக மாட்டாங்கன்னு அந்தத் தேதியைப் பொறுக்கி எடுத்த புத்திசாலி நான்தான்.

மூணு மணிக்குப் போய் நின்னேன். மில்லைக் கழுவி, மெஷினுக்கு மாலை போட்டு, வாசல்ல வாழைக்கன்னு கட்டியிருந்தாங்க. மூலைல ஒரு மணை. அதுல தராசு, ஸ்பேனர், சுத்தியல். நடுவுல, சந்தனம் குங்குமத்தோட, அக்கா ஃபோனு.

"அக்கா, அந்த ஃபோனை ஒரு பத்து நிமிஷம்..."

"நேத்து ராத்திரியே பூஜைல வெச்சாச்சு பாப்பா. நாளைக்குக் காலைலதான் எடுக்கணும்."

"பத்தே நிமிஷம்க்கா."

"மில்லையே இன்னிக்கு ஓட்டல. உனக்காக ஃபோனை ஓட்டுவனா?"

"ஃபோனையெல்லாமா பூஜைல வெப்பாங்க?"

"நீதான சொன்ன, இந்தக் காலத்துல ஃபோன்தான் உங்க தொழில் சாமான்னு?"

சொன்னேன். ஆப் போட விட மாட்டேன்னு அவங்க முரண்டு பிடிச்சப்ப, பெரிய இவளாட்டம் நான்தான் சொன்னேன்.

சும்மா விடுவனா? படிச்ச மூளையாச்சே. என் ஃபோன்ல ஹாட்ஸ்பாட் போட்டா, ஆப் போட்ட அன்னிக்கே அதுல சேர்த்து வெச்சிருந்த அக்கா ஃபோனு தானா சேர்ந்துக்கும், டேட்டாவும் தானா போயிடும். யாரும் எதையும் தொட வேணாம். ஆனா அந்த மூலைலதான் சிக்னல் ரெண்டு கோடு காட்டுச்சு.

"தொடாமலே எடுத்துக்கறேன்க்கா. என் ஃபோனை மட்டும் பக்கத்துல வெக்கறேன்."

அக்கா என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "என்னமோ பண்ணு"ன்னு சுண்டலைத் தாளிக்க உள்ள போயிட்டாங்க.

வெச்சுட்டு, கை கழுவ குழாய்கிட்ட போனேன். ஒரே ஒரு நிமிஷம்தான். அதுக்குள்ள அக்கா வீட்டுக்காரரு ஏழுமலை அண்ணன் சந்தனக் கிண்ணத்தோட வந்துட்டாரு. "அடடா, இது ஒண்ணுக்கு வெக்காம விட்டுட்டமே"ன்னு என் ஃபோனுக்கு வழிய வழிய சந்தனம் பூசி, குங்குமம் வெச்சு, கற்பூரமும் காட்டி முடிச்சுட்டாரு.

"அண்ணா, அது என் ஃபோனு!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. உன் படிப்புக்கும் இன்னிக்குதான பூஜை?"

அப்புறம் கெஞ்சிப் பார்த்தேன். முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பார்த்தேன். ஒண்ணும் வேலைக்கு ஆகல. டேட்டா போச்சா இல்லையான்னும் தெரியல. திரை பூரா சந்தனம்.

"மேடத்துக்கு ஒரு ஃபோன் பண்ணிக்கறேன்க்கா."

"அவரு ஃபோனு இருக்குது. நம்பரச் சொல்லு."

தெரியல. அம்மா நம்பரும் தெரியல. என் நம்பர் மட்டும்தான் தெரியும். அது தராசு பக்கத்துல குங்குமம் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குது.

ஆறு மணிக்கு அது அடிச்சுது. நடுங்கி நடுங்கி ஸ்பேனர்மேல போய் முட்டுச்சு. கண்டிப்பா மேடம்தான். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

"சாமிகிட்ட இருக்குது. அடிச்சு ஓயட்டும்"னு அக்கா என் கையில இன்னொரு தொன்னை சுண்டல் வெச்சாங்க.

இருட்டிடுச்சு. பேரு போச்சுன்னு முடிவு பண்ணி வண்டிய எடுத்தப்ப அக்கா கூப்பிட்டாங்க. "பாப்பா, இதையும் பார்த்துட்டுப் போ."

மெஷின் பக்கத்து சுவத்துல சாக்பீஸ் கோடு. வரிசையா முப்பத்திநாலு.

"என்னக்கா இது?"

"ஃபோன் இல்லாமலே நீ பைக்குள்ள கைய விட்டுத் துழாவின தடவை. எண்ணறதுதான உன் ஆராய்ச்சி? எனக்கும் பொழுது போகல."

காலைல ஆறு மணிக்கெல்லாம் போய் நின்னேன். மறு பூஜை முடிஞ்சு ஃபோன் கைக்கு வந்துச்சு. சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தா, டேட்டா நேத்து நாலு மணிக்கே போயிருக்கு. கூடவே மேடத்துக்கிட்டருந்து ஒரு மெசேஜ்: "ஆறாவது ஆள் கடைசி நாள் ஃபோனைத் தொடவே இல்லை. இது எப்படி முடியும்?"

கூப்பிட்டு நடந்ததெல்லாம் சொன்னேன். சுவத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். மூணு வருஷத்துல முதல் தடவையா மேடம் சிரிச்சாங்க. "உன் ஆப்பைவிட அந்தம்மா நல்லா எண்ணியிருக்காங்க. இதையும் சேர்த்துடலாம்"னாங்க.

பேப்பர்ல என் பேரு வந்துடுச்சு. நன்றி சொல்ற எடத்துல தனம் அக்கா பேரும் இருக்கு. உள்ள, ஏழாம் நம்பர்னு ஒருத்தி வர்றா, கையில ஃபோன் இல்லாமலே மூணு மணி நேரத்துல முப்பத்திநாலு தடவை ஃபோனைத் தேடினவ.

அவ யாருன்னு வெளிய சொல்லக்கூடாதுங்கறது ஆராய்ச்சி விதி, அதனால நான் சொல்லல.