ஆமை விட்ட கொட்டாவி

உங்கள் தெருவில் இப்படி ஒருவராவது இருப்பார். அலுவலகத்தில் இரண்டு பேர்கூட இருக்கலாம். பஸ் நிறுத்தத்தில், பல் வைத்தியரின் வாசல் வரிசையில், துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட, நீங்கள் அசந்த நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு விஷயம் தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பிப்பார். உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். தெரியும் என்று சொன்னாலும் விடமாட்டார். இந்த இனத்துக்கு யாரும் இன்னும் விஞ்ஞானப் பெயர் வைக்கவில்லை. ஆகவே 'தெரியுமா' என்றே வைத்துக்கொள்வோம்.

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பது இவர்களுக்கு அரிச்சுவடி. வெள்ளிக் கிரகத்தில் ஒரு வருஷத்தைவிட ஒரு நாள் நீளம் என்பது அடுத்த வகுப்பு. ஓர் அரசாங்கம் ஈமு பறவைகளை அடக்க இயந்திரத் துப்பாக்கியோடு பட்டாளத்தை அனுப்பி, பட்டாளம் பறவைகளிடம் தோற்றுத் திரும்பிய சரித்திரம் வரைக்கும் எட்டிவிட்டவர் பட்டதாரி. இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்கிறீர்களா? அப்படிக் கேட்கிறவர்களைத்தான் இவர்களுக்குக் கட்டோடு பிடிக்காது.

நம் கதையின் தெரியுமா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இந்த இனத்துக்கு இதைவிடத் தோதான தொழில் கிடையாது. வாடிக்கையாளர் இருட்டறையில் தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து ஓடலாம் என்றால் எதிரே இருப்பது சுவரா கதவா என்று தெரியாது. அது தெரிந்தால் அவர் ஏன் இங்கே வருகிறார்?

"இந்த லென்ஸா, இதுவா? எது தெளிவா இருக்கு?"

"முதல்ல போட்டதுதான்."

"சரி. நெருப்புக்கோழிக்கு மூளையைவிடக் கண்ணுதான் பெருசு. தெரியுமா?"

"ம்."

"கடல்ல ஒரு சிப்பி இருக்கு. அதுக்குச் சுமார் இருநூறு கண்ணு. கீழ் வரியைப் படிங்க."

"அந்தச் சிப்பி வந்திருந்தா உங்க கடை எங்கேயோ போயிருக்கும்," என்று ஒரு வாடிக்கையாளர் தாங்கியிலிருந்து தாடையை எடுக்காமலே சொன்னார். தெரியுமாவுக்கு அது கேலியாகப் படவில்லை. இருநூறு கண்ணுக்கும் லென்ஸ் தேய்த்துக் கொடுக்க எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி பதினாறு வருஷமாக ஒரே சொல்லை வைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். "அப்படியா." தலையை நிமிர்த்தாமல், கை வேலையை நிறுத்தாமல், சரியான இடைவெளியில் விழும் அப்படியா. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் வேறு ரகம். அவள் காது கொடுத்துக் கேட்பாள். கேட்டுவிட்டு, "எங்கே படிச்சீங்கப்பா?" என்பாள். "எங்கேயோ படிச்சேன்," என்பார் இவர். அவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போய், நூலகத்தில் தேடிப் பார்த்து, பக்கத்தில் சரியோ தப்போ ஒரு குறி போட்டுவிடுவாள். அப்படித் தேடித் தேடியே பள்ளி வினாடி வினாவில் அசைக்க முடியாத ஆளாகிவிட்டாள். அந்தப் பெருமையை முழுக்கத் தன் பேரில் எழுதிக்கொண்டார் அப்பா.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவருடைய மச்சான் புதுப் போன் வாங்குகிற வரைக்கும். மனைவியின் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவர், போனைத் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டார்.

"மச்சான், இந்த ஆக்டோபஸ் இருக்கே..."

"மூணு இதயம். ரத்தம்கூட நீலம். அதை விட்டுட்டீங்களே மாப்பிள்ளை."

"சரி, தேன் பார்த்தீங்கன்னா..."

"ஒழுங்கா மூடி வச்சா கெட்டுப்போகாது. அடுத்து?"

அடுத்து வைத்திருந்த வெள்ளிக் கிரகமும் அதே கதியில் போயிற்று. மனைவி தலையை நிமிர்த்திப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் தலையை நிமிர்த்தியது அன்றைக்குத்தான். தெரியுமாவின் கை சோற்றில் நின்றுவிட்டது. எதிரே மகள் ஒரு கொட்டாவி விட்டாள். அவளுக்குப் பின்னால், கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த கல் ஆமை தெரிந்தது. வேறு என்ன வேண்டும்?

"ஆமை தன் ஆயுசுல ஒரே ஒரு தடவைதான் கொட்டாவி விடும்," என்றார்.

மச்சான் போனில் தேடிப் பார்த்தார். போன் வாயைத் திறக்கவில்லை.

"நிஜமாவா மாப்பிள்ளை?"

"நாற்பத்தொரு வருஷம் ஒரு ஆமை பக்கத்துலயே உக்காந்து ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க."

ஆமை எத்தனை முறை கொட்டாவி விடும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பசிக்கும் மானத்துக்கும் நடுவே பிறந்த சுத்தப் புளுகு அது. மகள் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டுப் புத்தகத்தை எடுக்கவில்லை.

மச்சான் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது தானாகவே நடந்தது. இரண்டு வாரம் கழித்து, தாங்கியில் தாடையை வைத்திருந்த ஒரு பெண்மணி தெரியுமாவிடமே, "டாக்டர், ஆமை பத்திக் கேள்விப்பட்டீங்களா?" என்று ஆரம்பித்தார். நாற்பத்தொன்று அறுபதாகியிருந்தது. காத்திருந்த விஞ்ஞானிகளில் இரண்டு பேர் கொட்டாவியைப் பார்க்காமலே காலமாகிவிட்டிருந்தார்கள். அடுத்த மாதம் மனைவியின் போனுக்குப் படத்தோடு வந்து சேர்ந்தது. வாயைப் பிளந்த ஆமை, கீழே 'எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று சிவப்பு எழுத்து. நம்மவர் வெட்கப்பட்டிருக்க வேண்டாமா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். 'ஒருவேளை உண்மையாக இருக்குமோ?' என்று யோசித்தார்.

வினாடி வினா இறுதிச் சுற்று ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. ஜெயிக்கிற ஒருவருக்கு வானியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு வாரம் தங்கி, பெரிய தொலைநோக்கியில் சனிக் கிரகத்தைப் பார்க்க அனுமதி. மகள் கட்டிலுக்கு மேலே ஒரு வருஷமாகச் சனியின் படம்தான் தொங்குகிறது. வளையத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் அவள் எதையும் கேட்கவில்லை. மூன்றாவது வரிசையில் தெரியுமாவும் மனைவியும் மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் மேடையில் மிஞ்சியது அவளும் இன்னொரு பள்ளிப் பையனும். இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண். பாக்கி ஒரே கேள்வி.

"வாழ்நாளில் ஒரே ஒரு முறை மட்டும் கொட்டாவி விடும் பிராணி எது?" என்றார் கேள்வி கேட்பவர்.

மணியை முதலில் அழுத்தியது மகள்தான். அழுத்திவிட்டு நேராக அப்பாவைப் பார்த்தாள். தெரியுமா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இரண்டே எழுத்து. சொல்லிவிட்டால் சனிக் கிரகம் அவளுடையது. 'சொல்லிடு கண்ணு, சொல்லிடு' என்று மனசுக்குள் கெஞ்சினார். தன் புளுகு தன் பெண்ணுக்குப் பரிசு வாங்கித் தரட்டும் என்று அந்த நிமிஷம் முழு மனசோடு விரும்பினார். இதை மறைத்துப் பயனில்லை.

"அப்படி ஒரு பிராணி கிடையாது சார்," என்றாள் அவள்.

அரங்கம் சிரித்தது. "தவறு. அடுத்தவர்?" பையன் ஆமை என்றான். கை தட்டினார்கள்.

தெரியுமா எழுந்து நின்றார். எழுந்த பிறகுதான் எழுந்திருப்பது அவருக்கே தெரிந்தது.

"சார், அது பொய். பொண்ணு சொன்னதுதான் சரி."

"எந்தப் புத்தகத்துல அப்படிப் போட்டிருக்கு?" என்றார் கேள்வி கேட்பவர்.

"எந்தப் புத்தகத்துலயும் இல்லைங்க. நான் கட்டிவிட்டது. எங்க வீட்டுல, சாப்பிடறப்போ."

கேள்வி கேட்பவர் இரக்கத்தோடு சிரித்தார். "சார், பொண்ணு தோத்தா எந்த அப்பாவுக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். உக்காருங்க."

முன் வரிசையில் ஓர் அம்மாள் திரும்பி, போனைத் தூக்கி வாய் பிளந்த ஆமையைக் காட்டினார். மச்சான் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மாப்பிள்ளை, மானத்தை வாங்காதீங்க. ஊருக்கே தெரிஞ்ச விஷயம். விஞ்ஞானிங்க ரெண்டு பேரு உயிரையே விட்டிருக்காங்க."

இத்தனை வருஷம் எங்கேயோ படித்ததையெல்லாம் நம்பிய ஊர், எங்கேயும் படிக்காத உண்மை ஒன்றைச் சொன்ன அன்றைக்கு நம்பவில்லை. நான்கு தரம் சொன்னார். நான்காவது தரம் மைக்கில் பரிசளிப்பு ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு அவமானம் அவர் பட்டதில்லை. நாலு பேர் சிரித்ததற்காக இல்லை. ஒரு வருஷமாகத் தொங்கிய படம் அவர் கண்ணிலேயே நின்றது.

"பொய்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க சொன்ன அன்னைக்கே தெரியும்பா."

"எப்படி?"

"உங்களுக்கு நிஜமாத் தெரிஞ்ச நம்பர்னா சுமார்னு சொல்லுவீங்க. தெரியாத நம்பரைத்தான் நாற்பத்தொண்ணுன்னு கரெக்டாச் சொல்லுவீங்க. நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன்."

"அப்போ ஆமைன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம்னுதான் பெல் அடிச்சேன்." பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "வாய் வரலைப்பா."

மூன்று நாள் தெரியுமா எதுவும் சொல்லவில்லை. கடையில் வாடிக்கையாளர்கள் பத்தே நிமிஷத்தில் கண்ணைச் சோதித்துக்கொண்டு, ஏதோ குறைகிற முகத்தோடு வெளியே வந்தார்கள். வீட்டில் அப்படியா போட இடம் கிடைக்காமல் மனைவி தவித்துப்போனார். "ஏங்க, உடம்புக்கு முடியலையா? ஏதாச்சும் சொல்லுங்களேன்," என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நான்காம் நாள் சாப்பாட்டு மேஜையில் அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு பொய், உண்மையைவிட எத்தனை மடங்கு வேகமாப் பரவும், தெரியுமா? ஆறே முக்கால் மடங்கு."

மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"சுமார்," என்றார்.

"அது இன்னும் மோசம்பா," என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

சரி, நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? ஆக்டோபஸ், ஈமு, நெருப்புக்கோழி, சிப்பி. இதில் எதை நாளைக்கு யாரிடம் அவிழ்த்துவிடலாம் என்று பாதி படிக்கும்போதே பொறுக்கி வைத்துவிட்டீர்கள். எங்கே படித்தேன் என்று என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? போகட்டும், சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் பந்தயத்தில் உங்கள் மச்சான் முந்திக்கொண்டால் கைவசம் இருக்கட்டுமே என்று அந்த ஆமையையும் ஓர் ஓரமாக எடுத்து வைத்தீர்களே, அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.