பெரிய சர்வர் முதலில் வீட்டுக்குப் போன கதை

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் மேனேஜர் கோவிந்தராஜன். பிறகு செய்தவர்களும் உண்டு. வரிசை முக்கியம் என்பதால் அவரிலிருந்து தொடங்குகிறேன்.

2003-ஆம் வருஷம். மல்லேஸ்வரத்தில் எங்கள் கம்பெனியின் மாடி அறையில் எட்டு கம்ப்யூட்டர் சர்வர்கள் கூட்டாக வேலை செய்தன. ஒன்று பெரியது, ஃபைல்கள் எல்லாம் அதனிடம். மற்ற ஏழும் எதற்கெடுத்தாலும் அதைத்தான் கேட்கும். மாதம் இரண்டு தடவை தெருவில் கரண்டை நிறுத்துவார்கள். அதற்கு முன் எட்டையும் முறையாக அணைக்க வேண்டும். ஐந்தாவது வரை படித்த அட்டெண்டரான நான்தான் ஆறு வருஷமாக அதைச் செய்துவந்தேன். அறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். சின்னதுகளை முதலில் அணைப்பேன். அவை கையில் உள்ள வேலையைப் பெரியதிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கும். பெரியது கடைசியில். எழுப்பும்போது பெரியதுதான் முதலில்.

கோவிந்தராஜன், ஓர் ஓட்டலில் மூன்று நாள் நிர்வாகப் பயிற்சி முடித்து, பளபளக்கும் ஃபைலோடு திரும்பியவர், இதைப் பார்த்துவிட்டார்.

"என்னப்பா பழனிச்சாமி, சின்னதெல்லாம் தூங்குது, பெரிய சர்வர் இன்னும் ஓடுது?"

"அதான் சார் வரிசை."

"எந்த ஆபீஸ்லய்யா மேனேஜர் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருப்பாரு?"

நான் அப்படி ஓர் ஆபீஸைப் பார்த்ததில்லை.

மறுநாள் சர்க்குலர் வந்தது: "பதவி மரியாதையை முன்னிட்டு, பெரிய சர்வர் முதலில் ஓய்வுக்குச் செல்லும். காலையில் சிறிய சர்வர்கள் முன்னதாக எழுந்து காத்திருக்கும். பெரிய சர்வர் தன் வசதிப்படி எழும்."

இன்ஜினியர் ராதா மட்டும் கேட்டாள். "சார், சின்னதுங்க கையில இருக்கறத யார்கிட்ட கொடுக்கும்?"

"நாளைக்குக் கொடுக்கட்டும்மா. நாம அப்படித்தானே செய்யறோம்?"

சனிக்கிழமை சர்க்குலர்படியே அணைத்தேன். திங்கட்கிழமை ஏழும் எழுந்தன, பெரியதைக் கூப்பிட்டன, பதில் இல்லாமல் அப்படியே நின்றன. பாதி வாரத்து வேலை காணாமல் போயிருந்தது.

விசாரணைக் குழு மூன்று தடவை டீ குடித்து, கடைசியாக சுவிட்சைத் தொட்டவனே குற்றவாளி என்று கண்டுபிடித்தது. "சர்வர்களிடையே ஒழுங்கின்மையைத் தூண்டியமைக்காக" எனக்கு மெமோ. சாவியைப் பிடுங்கி மேனேஜர் டிராயரில் போட்டுவிட்டு, என்னை வாசல் கேட்டுக் காவலுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வாரமே பழைய வரிசை லேமினேட் ஆகிச் சுவரில் ஏறியது. பெயர், 'கோவிந்தராஜன் முறை'.

ராதா விடவில்லை. "அப்போ சார், பெரியவங்க முதல்ல வந்து, கடைசியா போகணுமா?"

அன்று மாலையே இன்னொரு சர்க்குலர்: "மேற்படி முறை உயிரற்றவற்றுக்கு மட்டும்."

மெமோவை ரத்து செய்து சாவியைத் தரச்சொல்லி மனு கொடுத்தேன். மேனேஜர் கையெழுத்து போட்டால்தான் போடுவேன் என்கிறார் கிளார்க் மைக்கேல்ராஜ். கீழே உள்ளவர்கள் போட்டால்தான் போடுவேன் என்கிறார் மேனேஜர்.

"அண்ணா, அந்தத் திங்கட்கிழமை மாதிரியே இருக்கு," என்றாள் ராதா. "ஒருத்தராவது எழுந்திருக்கணும்."

மேலே எட்டும் ஒழுங்காகத் தூங்கி ஒழுங்காக எழுகின்றன. கீழே, தினமும் நாலரை மணிக்கு, மற்றவர்கள் எல்லாம் வேலையில் இருக்கும்போது, கோவிந்தராஜனின் கார் கேட்டுக்கு வருகிறது. பெரியவரை முதலில் வீட்டுக்கு அனுப்பி வைப்பது நான்தான். கேட்டைத் திறந்து சல்யூட்டும் அடிக்கிறேன்.

சாவி இன்னும் அவர் டிராயரில்தான் இருக்கிறது.