தூளிக்குத் துணி தேர்ந்த வரலாறு

மனிதன் துணி உடுத்திய நாளில் நாகரிகம் தொடங்கியது என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். தவறு. துணியைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைத்த நாளில்தான் அது தொடங்கியது. அப்படிப் பார்த்தால் நாகரிகத்தின் பிறப்பிடம், தர்மபுரி மாவட்டத்தில் இண்டூருக்குப் பக்கத்திலிருந்த ஒரு வறண்ட ஏரி. நான் அப்போது உடனிருந்தேன். குழுவின் எழுத்தரே நான்தான்.

அறுபதுகளின் நடுவில் மழை எங்கள் மாவட்டத்தை அடியோடு மறந்துவிட்டது. அரசாங்கம் மறக்கவில்லை. வறட்சி நிவாரண முகாம் என்று ஒன்றைத் திறந்து, ஏரியைத் தூர்வார ஜனங்களைக் கூப்பிட்டது. ஆண்கள் வெட்டினார்கள், பெண்கள் மண் சுமந்தார்கள், கைக்குழந்தைகள் கரையில் கிடந்து வெயிலில் வதங்கின. மேலிடத்தில் யாரோ ஒரு நல்ல மனிதர் இதைக் கேள்விப்பட்டு, குழந்தைகளுக்குத் தூளியும், மேலே நிழலுக்கும் மழைக்கும் படுதாவும் கட்டித் தரும்படி உத்தரவு போட்டார். வெறும் உத்தரவு. என்ன துணி என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்த அவசரக்காரரின் பிழையைத் திருத்தவே எங்கள் 'தூளி மற்றும் படுதாத் துணித் தேர்வு உபகுழு' உதயமாயிற்று.

தலைவர் மாதேஸ்வரன், நிவாரண அதிகாரி. எல்லா வகையிலும் பெரிய மனிதர். அவர் உட்கார்ந்தால் நாற்காலி முனகும். முதல் கூட்டத்துக்குத் தர்மபுரி துணி வியாபாரி கவுஸ் பாஷா காடா, கூடாரம் அடிக்கிற கித்தான், ஜமுக்காளம், நைலான் என்று ஒரு வண்டித் துணியைக் கொண்டுவந்து இறக்கினார்.

"தூளிக்கா சார்? அதுக்கு எதுக்குங்க புதுத் துணி?" என்றார் கவுஸ் பாஷா. "அம்மாவோட பழைய சேலைதான் கட்டுவாங்க. துவைச்சுத் துவைச்சு மெத்துனு இருக்கும். எங்க வூட்லயும் அதானுங்க."

"பழைய சேலைக்குச் சான்று உண்டாய்யா?" என்றார் தலைவர்.

"புள்ளைங்க நல்லாத் தூங்குச்சுங்க சார்."

"அது புள்ளைங்களோட அபிப்பிராயம். சான்று ஆகாது."

வியாபாரியே தன் வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வதை அன்றுதான் பார்த்தேன். தேசத்தின் பின்தங்கிய நிலைக்கு இத்தகையோரே காரணம்.

ஏரிக்கரையில் நிழல் தரும் மரம் ஒன்றே ஒன்று, ஒரு புங்கமரம். அதில் ஏற்கெனவே ஒரு தூளி ஆடிக்கொண்டிருந்தது. மண் சுமக்கும் செல்லி தன் கிழிந்த சேலையைக் கட்டி, நஞ்சம்மாள் என்கிற தன் கைக்குழந்தையைப் போட்டிருந்தாள். தலைவர் அதிர்ந்துபோனார்.

"யாரைக் கேட்டு கட்டுன? அப்ரூவ் ஆகாத துணி. நாளைக்குக் கிழிஞ்சு விழுந்தா யாரு ஜவாப்பு?"

"கிழியாதுங்க சாமி. என் சேலைங்க."

"அவுத்துடு. கவர்ன்மென்ட் தூளி வருது."

"எப்பங்க வரும்?"

"செலக்ட் ஆனதும் வரும்."

செல்லி அவிழ்த்தாள். குழந்தையைத் தரையில் கிடத்தி, முகத்தில் வெயில் படாமல் ஒரு காலி மண்கூடையைக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனாள். கூடைக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தது. விதிமுறை ஒன்று இவ்வளவு கச்சிதமாக நிறைவேறியதைக் கண்டு எனக்கே கண் கலங்கிவிட்டது.

காலியான புங்கமரத்தடியில் எடைச் சோதனை ஆரம்பமாயிற்று. சோதனைக்குக் குழந்தைகள் லாயக்கில்லை. நெளிகின்றன, அழுகின்றன, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. எனவே தலைவரே தம்மை அர்ப்பணித்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் காடாத் தூளியில் ஏறிப் படுத்தார். அது உடனே கிழிந்தது. துணியின் பலவீனம் என்று பதிவு செய்தேன். கித்தான் தாங்கியது. சாயங்காலம் வரை அவர் எழவில்லை.

"எப்படிங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"ஒரு மத்தியானத்துல சொல்லிட முடியுமாய்யா? தொடர்ந்து பார்க்கணும்."

தொடர்ந்து பார்த்தார். கோடை முழுவதும் பார்த்தார்.

அடுத்தது படுதா. அதைத் தலைவரின் தூளிக்கு மேலேயே கட்டினோம். வெயிலைத் தாங்குகிறதா என்பது தலைவர் உறங்கிய உறக்கத்திலேயே தெரிந்துவிட்டது. மழையைத் தாங்குமா என்பதுதான் சிக்கல். கவுஸ் பாஷா ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்றார்.

"குடத்துத் தண்ணி மழை ஆயிடுமா?" என்றார் தலைவர். "நாளைக்கு ஆடிட்ல கேப்பான். நிஜ மழையிலதான் டெஸ்ட் பண்ணணும். வெயிட் பண்ணுவோம்."

மண்ணைக் கொட்டிவிட்டு வந்த செல்லி நின்றாள். "மழை வந்தா நாங்க ஏனுங்க இங்க வரப்போறோம்? அவங்கவங்க காட்டுக்கு உழுவப் போயிடுவோமே. கொழந்தைக்கு இப்பத்தானுங்க நெழலு வேணும்."

"எல்லாம் உங்க நன்மைக்குத்தான்மா. போ, வேலையைப் பாரு."

பொதுமக்களுக்குப் பொறுமை போதவில்லை என்று குறிப்பு எழுதினேன்.

ஐப்பசியில் ஒருவழியாக மழை வந்தது. படுதா ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அதன் கீழே நின்று நாங்கள் கை தட்டினோம். கேட்க வேறு யாரும் இல்லை. முகாமை மூடியாகிவிட்டது, செல்லி காட்டுக்குப் போய்விட்டாள். கித்தானே சிறந்தது என்று ஒருமனதாகத் தீர்மானித்து அனுப்பினோம்.

எங்கள் தீர்மானம் எல்லா மேசைகளிலும் உரிய மரியாதையுடன் தங்கித் தங்கிச் சென்றது. ஆறேழு வருஷம் கழித்து மழை மறுபடி பொய்த்தது. அதே ஏரி, அதே முகாம். இந்த முறை எல்லாம் தயார். கித்தான் தூளிகள் வந்திறங்கின, மேலே படுதாவும் கட்டினோம். மாதேஸ்வரன் பதவி உயர்ந்து அவரே பார்வையிட வந்தார்.

குழந்தைகளை மட்டும் தூளியில் விட முடியவில்லை. மேலிருந்து விழும் தண்ணீருக்குத்தான் துணியைச் சோதித்திருந்தோம். தூளிக்குள்ளிருந்து வரும் தண்ணீருக்குச் சோதிக்கவில்லை. அரசாங்கச் சொத்து பாழாகிவிட்டால்? ஆகவே குழந்தைகள் வழக்கம்போலக் கரையில் கூடைகளுக்கடியில் கிடந்தன. துணி வீணாகாமலிருக்க ஒரு தூளியில் மாதேஸ்வரனும் இன்னொன்றில் நானும் படுத்தோம்.

செல்லி மண்கூடையோடு அந்தப் பக்கம் வந்தாள். பின்னாலேயே ஒரு சின்னக் கூடையைச் சுமந்துகொண்டு நஞ்சம்மாள். அவளும் இப்போது முகாமில் வேலைக்கு வந்திருந்தாள். மாதேஸ்வரனின் குறட்டையைக் கேட்டு நின்றுவிட்டாள்.

"யாரும்மா இது, இத்தாம்பெரிய பாப்பா?"

"சத்தம் போடாம வா கண்ணு," என்றாள் செல்லி. "முழிச்சுக்கிட்டா இன்னொரு கமிட்டி போட்டுருவாங்க."

நான் விழித்துத்தான் இருந்தேன். எழுந்திருக்கத்தான் மனம் வரவில்லை. அவ்வளவு சிறந்த துணி.