முப்பது நாள் பேஸ்புக் துறவறம்

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம், ரம்ஜான் பண்டிகை முடிந்த மறு வாரம், நான் துறவறம் பூண்டேன். காவி கட்டவில்லை. மனைவியைத் துறக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள் கடலுக்கு அந்தப் பக்கம் பரமக்குடியில் இருந்தாள், நான் ஓமானில், சோஹாரில் இருந்தேன். அந்த வேலையை விசாக்காரன் எனக்காக முன்பே செய்து முடித்திருந்தான். நான் துறந்தது பேஸ்புக்கை. முழுசாக முப்பது நாள்.

எல்லாம் மனநிம்மதிக்காகத்தான். நான் முனியசாமி, ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஸ்டோர்கீப்பர். ஸ்டோரில் போல்ட், நட்டு, சிமெண்டு மூட்டை, இவற்றோடு ஒரு கம்ப்யூட்டர். டியூட்டி ஐந்து மணிக்கு முடியும். ஐந்திலிருந்து ஒன்பது வரை அதன் முன்னால் உட்கார்ந்து எனது முந்நூற்றுப் பன்னிரண்டு நண்பர்களைப் பார்ப்பேன். கூடப் படித்தவன் அமெரிக்காவில் பனியில் நிற்பான். இன்னொருவன் குடும்பத்தோடு கொடைக்கானலில் நிற்பான். ஒருத்தன் சும்மா இட்லி சாப்பிடுவான். ஆனால் பக்கத்தில் அவன் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பாள். எனக்கு அந்த இட்லிதான் தாங்கவில்லை. தினமும் நாலு மணி நேரம் ஊரார் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு ரூமுக்கு வந்தால், மெஸ் குபூஸ் ரொட்டி தொண்டையில் இறங்காது.

என் ரூம்மேட் அம்பலவாணரிடம் முடிவைச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் டைம்கீப்பர். பேஸ்புக் பக்கமே போகாதவர்.

"உருக்கமா ஒரு விடைபெறும் செய்தி எழுதிட்டேன் அண்ணே. 'நண்பர்களே, பிரிகிறேன்'னு."

"போறதெண்டால் பேசாமல் போம் காணும். சொல்லிப்போட்டுப் போறது போறதில்லை. ஆரும் கையைப் பிடிச்சு மறிப்பினமோ எண்டு பாக்கிறது."

"அப்படியெல்லாம் இல்லண்ணே."

"அப்ப ஏன் பத்துத் தரம் போய்த் திறந்து பாத்தனீர்?"

பதினோரு தடவை. அவர் ஒன்றைப் பார்க்கவில்லை.

என்னை நானே நம்ப முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. ஆகவே வெள்ளிக்கிழமை போன் கார்டைச் சுரண்டி மனைவி சரசுவைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை போன்தான் எங்கள் குடும்பம். சாப்டீகளா, சாப்ட்டேன், பிள்ளை நல்லாருக்காளா, நல்லாருக்கா. அத்தோடு கார்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குறுக்கே வந்து நேரம் முடிந்தது என்பாள்.

"சரசு, என் பேஸ்புக் பாஸ்வேர்டைச் சொல்றேன். பிரவுசிங் சென்டர்ல வேலை பாக்குற உன் சினேகிதி ராதிகாகிட்ட போ. பாஸ்வேர்டை மாத்திடு. ஈமெயிலுக்கும் அதே பாஸ்வேர்டுதான், அதையும் சேர்த்து மாத்திடு. முப்பது நாளைக்கு நான் கெஞ்சினாலும் சொல்லாத."

"என்னத்துக்குங்க?"

"மனநிம்மதிக்கு."

"சரி, பழைய பாஸ்வேர்டு என்ன?"

கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "சரசு ஒன்னு ரெண்டு மூணு."

"என் பேரா?"

"ஆமா."

"தினமும் என் பேரை அடிச்சுட்டுத்தான் உள்ள போறீகளா?"

"ஆமா."

"உள்ள போன பெறகு?"

நல்லவேளை, கார்டுக்காரி வந்துவிட்டாள்.

முதல் நாள் ஐந்து மணிக்கு ஸ்டோரைப் பூட்டினேன். ஐந்து ஐந்துக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஐந்து பத்துக்கும் இல்லை. பால்பவுடர் டின்னை எடுத்துப் படித்தேன். தமிழில் இல்லாததால் அரபியைப் படம் போலப் பார்த்தேன். ரூம் கூரையில் இருபத்து நாலு பலகை. ஒன்று மட்டும் கொஞ்சம் விலகியிருக்கிறது. மூன்று வருடமாக அதன் அடியில்தான் படுத்திருக்கிறேன், பார்த்ததில்லை. கேம்பில் முந்நூறு பேர் இருக்கிறோம். என் மகளின் பெயர் அதில் ஒருத்தனுக்கும் தெரியாது. நான் சொன்னதும் இல்லை, அவர்கள் கேட்டதும் இல்லை. மனநிம்மதி என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அது வரும்போது இவ்வளவு சத்தமில்லாமல் வரும் என்று யாரும் எச்சரிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. ஏசி தண்ணீர் தெறித்ததாக அம்பலவாணரிடம் சொல்லிச் சமாளித்தேன்.

மூன்றாம் நாள் குளித்துக்கொண்டிருந்தபோது தலையில் இடி இறங்கியது. மெசேஜ் பெட்டி!

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவு. எனக்கு லீவு வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. சரசுவிடம் 'கம்பெனி விடமாட்டேங்குது' என்று சொல்லி வந்தேன். கம்பெனி தாராளமாக விட்டது. நான்தான் போகவில்லை. எங்கள் லீவைப் பார்க்கும் ஆபீசர் கலீலுர் ரஹ்மான், கீழக்கரைக்காரர், பேஸ்புக்கிலேயே குடியிருப்பவர். 'எப்பய்யா ஊருக்குப் போற?' என்று அதில்தான் கேட்பார். 'ஸ்டாக் எடுக்கணும் சார், இப்ப வேண்டாம்' என்று நானும் அதில்தான் எழுதுவேன். இரண்டு முறை எழுதியிருந்தேன்.

ஏன் என்றால், போன லீவுக்குப் போனபோது என் மகள் சந்தியாவுக்கு மூன்று வயது. என்னைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இருபத்தாறு நாள் ஒளிந்தாள். இருபத்தேழாம் நாள் தானாக வந்து என் மடியில் உட்கார்ந்தாள். இருபத்தெட்டாம் நாள் எனக்கு பிளைட். இதை இன்னொரு தடவை தாங்க எனக்குத் தெம்பில்லை. ஸ்டாக் எடுப்பது எவ்வளவோ சுலபம்.

ஈரத் துண்டோடு ஓடிப்போய் சரசுவைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே?"

"சரசு, பேஸ்புக்ல மெசேஜ் பெட்டின்னு ஒன்னு இருக்கு. அதை மட்டும் திறந்துடாத."

"அப்படி ஒன்னு இருக்கா? எங்க இருக்கு?"

"இடது பக்கம், மேல. கடுதாசி மாதிரி ஒரு படம் போட்டிருக்கும். அதைத் தொடாத."

"இடது பக்கமா?"

"இடது பக்கம்தான். வலது பக்கம் எங்க வேணா தொட்டுக்க."

"கடுதாசி மாதிரியா?"

"ஆமா. தொட்டா கம்ப்யூட்டரே கெட்டுப்போயிரும்."

"நல்ல வேளை சொன்னீக. தெரியாம விட்டிருப்பேன்" என்றாள்.

நிம்மதியாகப் போய்க் குளியலை முடித்தேன். அந்தக் கடைசிச் சொல்லை நான் கவனிக்கவில்லை. சோப்பு கண்ணில் இருந்தது.

அடுத்த மூன்று வெள்ளிக்கிழமையும் சரசு தேனாகப் பேசினாள். ஒரு குறையும் சொல்லவில்லை. கல்யாணமாகி எட்டு வருடத்தில் இது நடந்ததில்லை. நான் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

"நான் போயிட்டேன்னு யாராச்சும் வருத்தப்பட்டு எழுதியிருக்காங்களா சரசு?"

"உங்க கடைசிச் செய்திக்கு லைக்கு வந்திருக்கு."

"எத்தனை?"

"ஒன்னு."

"ஒருத்தனாவது நினைச்சானே! யாரு?"

"முனியசாமின்னு ஒருத்தரு."

போகிற அவசரத்தில் நானே போட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

முப்பதாம் நாள் காலை ஆபீசிலிருந்து ஆள் வந்தது. கலீல் சார் கூப்பிடுகிறாராம். ஸ்டாக்கில்தான் ஏதோ குறைகிறது என்று நினைத்து, எதற்கும் இருக்கட்டுமென்று நட்டுக் கணக்கை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். உள்ளே போனால் மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"உக்காருய்யா. ஒனக்குள்ள இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

"சார்?"

"நீ போட்ட மெசேஜைச் சொல்றேன்." கம்ப்யூட்டரைத் திருப்பிவிட்டு அவரே படித்தார். "'சார், ஸ்டாக் எடுக்கணும்னு நான் சொன்னது பொய். என் மகள் என்னைப் பார்த்து ஒளிஞ்சுக்குவா. அந்தப் பயத்துல ஊருக்குப் போகாம இருக்கேன். வெளியில சொல்ல வெட்கமா இருக்கு. இனிமே நான் வேண்டாம்னு சொன்னாலும் கேக்காதீங்க, அனுப்பி வச்சிருங்க.' மூணு பிள்ளை பெத்தவன்யா நானு. விடுவேனா? அறுபது நாள். ஃபாரத்தை நானே நிரப்பிட்டேன். கையெழுத்தை மட்டும் போடு."

அந்தப் பயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. கலீல் சாரிடம், அம்பலவாணரிடம், சரசுவிடம், ஒருவரிடமும் இல்லை.

"சார், ஸ்டாக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாம்னு சொன்னாலும் கேக்காதீங்கன்னு எழுதியிருக்கியே. அதான் கேக்க மாட்டேன்" என்று பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கையில் வைத்தார். அடுத்த வியாழன், மஸ்கட்டிலிருந்து சென்னை.

வெளியே வந்து போன் போட்டேன். கார்டு நம்பரை மூன்று முறை தப்பாக அடித்தேன்.

"ஏண்டி, என் பேர்ல மெசேஜ் எழுதுனது நீதானே?"

"அதுல பொய் ஏதாச்சும் இருந்துச்சாங்க?"

இல்லை. அதுதானே பிரச்சினை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன தடவை பஸ் ஏறும்போது உங்க மூஞ்சியைப் பாத்தவ நானு. கம்பெனி விடலைன்னு நீங்க சொல்றப்ப எல்லாம் அந்த மூஞ்சிதான் ஞாபகம் வரும். அதான் ஆறு மாசமா ஒன்னும் கேக்காம இருந்தேன்."

கார்டில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இந்தத் தடவையும் அவ ஒளிஞ்சுக்கிட்டா, சரசு?"

"ஒளியட்டுமே. இருபத்தாறு நாளு ஒளிஞ்சாலும் இன்னும் முப்பத்து நாலு நாளு கெடக்குல்ல?"

இதற்கு மேல் ஒரு புருஷன் என்ன வாதாட முடியும்? மிச்சமிருந்த கௌரவத்தைத் திரட்டிக்கொண்டு, குரலைக் கனைத்தேன்.

"சரி சரி. இன்னையோட முப்பது நாள் முடிஞ்சுருச்சு. பாஸ்வேர்டைச் சொல்லு."

"எனக்கு என்னங்க தெரியும்? உங்க மெசேஜை அனுப்பின கையோட நேத்து மறுபடியும் மாத்துனோம். மாத்துனது சந்தியா. யாருக்கும் தெரியாம அவளே அடிச்சா. எத்தனை கேட்டாலும் சொல்ல மாட்டேங்குறா. அப்பா வந்தா அப்பா காதுல மட்டும்தான் சொல்லுவாளாம்."