கள்ளனுக்குக் கதிரை கொடுத்தவர்

புத்தளம் கரையோரத்து அரசாங்க அலுவலகங்கள் அத்தனையையும் சும்மா உட்கார்ந்தே நடுங்க வைத்த மனிதர் ஒருவர்தான். அவர் கதிரை நானா. உம்மா வாப்பா வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும். கரைத்தீவிலிருந்து சைக்கிளில் வருவார். பின் கரியரில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். அந்தச் சிவப்பு வாசலில் தெரிந்ததும் எங்கள் பிரதம லிகிதர் கோப்புக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார்.

நான் அப்போது பிரதேச செயலகக் காணிப் பிரிவில் லிகிதர்; கோப்பு எழுதுகிற வேலை. மதுரங்குளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, என் கதிரையில் அமர்ந்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிக்கொள்வேன். மேசைக்கு முன்னால் வேறு கதிரை கிடையாது. வருகிறவர்கள் நின்றார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி நின்றாள், கண் தெரியாத கிழவர் நின்றார். அது தப்பென்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் நாள் கதிரை நானா வந்து, கயிற்றை அவிழ்த்து, என் மேசைக்கு நேரே கதிரையைப் போட்டு அமர்ந்தார்.

“நானா, இங்க கதிரை போடேலாது. ஆக்கள் நிண்டுதான் கதைக்கிறது.”

“ஆரு சொன்ன?”

“அதுதான் முறை.”

“அந்த முறை எந்தச் சட்டத்துல ஈக்கிது தம்பி? ஆறுதலாத் தேடுங்க. நான் உக்காந்தீக்கிறேன்.”

தேடினோம். சுற்றுநிருபம் ஒன்று கட்டாயம் இருக்கும் என்றார் பிரதம லிகிதர். இரண்டு அலுமாரிகளைக் கவிழ்த்தோம். எந்தத் தரத்து உத்தியோகத்தருக்குக் கைபிடி வைத்த கதிரை, எந்தத் தரத்துக்குக் கைபிடி இல்லாதது, உடைந்த கதிரையைக் கழிக்க எத்தனை பேர் கையெழுத்து வைக்க வேண்டும், எல்லாம் இருந்தது. காணிப் பத்திரம் கேட்டு வருகிற மனிதன் நிற்க வேண்டும் என்று மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதாத அந்த ஒரு சட்டத்தைத்தான் நாங்கள் ஒரு நாள் தவறாமல் நிறைவேற்றி வந்திருக்கிறோம்.

தன் வேலை முடிந்தாலும் மனிதர் போக மாட்டார். கதிரையை வரிசையில் அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட்டு, கடைசி ஆள் எழும்பும்வரை வாசலில் நிற்பார். ‘வெளியார் தளபாடங்கள் கொண்டுவருதல் தடை’ என்று பிரதம லிகிதர் ஓர் அறிவித்தல் ஒட்டினார். நானா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “எந்தச் சட்டத்துக்குக் கீழ எண்டும் எழுதி, ஒங்கட கையெழுத்தையும் வைங்க சேர்” என்று பேனாவை நீட்டினார். மறுநாள் காலையில் அறிவித்தல் சுவரில் இல்லை.

ஒருமுறை மதுரங்குளியில் ஓர் அரசியல்வாதி மூன்று மணித்தியாலம் பிந்திக் கூட்டத்துக்கு வந்தார். எல்லோரும் எழுந்து கைதட்ட, சிவப்புக் கதிரை மட்டும் அசையவில்லை. பாதுகாப்புக்கு வந்தவன் குனிந்து “எழும்பு” என்றான். “பிந்தி வந்தவர்தானே மகன் நிக்கோணும்?” என்று கேட்டார் நானா. முன்வரிசையே சிரித்துவிட்டது.

இந்தக் கதிரைப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கேட்டேன்.

“தொண்ணூறுல மன்னார்ல இயக்கக்காரங்க துவக்கோட எங்கட ஊட்டுக்கு வந்து, முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் ஊர உட்டுப் போங்க எண்டாங்க. வாப்பா சாய்மனைக் கதிரைல உக்காந்திருந்தார். எழும்பு எண்டாங்க. எழும்பினார். அவ்வளவுதான். நான் பக்கத்துல நிண்டேன் தம்பி. ஏன் எண்டு ஒரு வார்த்த கேக்கல்ல.”

அவர் தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். நான் வேறு கதைக்கு மாறினேன்.

பிறகுதான் மோட்டர் களவு போனது. கரைத்தீவில் அவருக்கு ஒரு துண்டு மிளகாய்த் தோட்டம் இருந்தது. அந்த மணலில் இரண்டு நாள் தண்ணீர் விடாவிட்டால் கன்று கருகிவிடும். கிணற்றடியில் பூட்டியிருந்த தண்ணி மோட்டரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் போகமே அவருக்குக் கேள்விக்குறியாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை காணி பார்க்க நான் அங்கே போயிருந்தேன். பள்ளிவாசல் வீதியில் ஒரே கூட்டம். ரியாஸ் என்ற பொடியனைத் தென்னை மரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். அதே ஊர்க்காரன். பத்து வீட்டில் கை வைத்தவன், போதைத் தூளுக்கு அடிமை. மோட்டரை முந்தல் ஊர்க் கடையொன்றில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாக அவனே சொல்லிவிட்டான். உதட்டில் இரத்தம் வடிந்தது. யாரோ என் கையில் ஒரு வேலிக் கம்பைத் திணித்து, “சேரும் ஒண்டு போடுங்க” என்றான். வாங்கிக்கொண்டேன். ஊர் எனக்கும் ஒரு பங்கு கொடுத்ததில் உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த நேரம் கதிரை நானா சைக்கிளில் வந்து இறங்கினார். கூட்டம் வழி விட்டது.

பள்ளிவாசல் தலைவர், “நானா, மொத அடி ஒங்கட ஹக்கு” என்று அந்த உரிமையை அவருக்கே கொடுத்தார்.

“மோட்டர்தான் என்ட ஹக்கு. அடி இல்ல.” சொல்லிக்கொண்டே போய்க் கட்டை அவிழ்த்தார். சைக்கிளிலிருந்து கதிரையை இறக்கி, கள்ளனை அதில் உட்கார வைத்தார்.

கூட்டத்துக்குத் தலைக்குமேல் கோபம். “கள்ளனுக்குக் கதிரையா? இவனுக்கென்ன உரிம?”

“ஒருத்தரயும் சித்திரவத செய்யேலாது எண்டு நாட்டுட அரசியலமைப்புல போட்டீக்கிது. நல்லவனுக்கு மட்டும் எண்டு போடல்ல.”

“அது அரசாங்கத்துக்குப் போட்ட சட்டம்” என்றார் தலைவர்.

“சரி, நமக்கு? இது அல்லாஹ் படைச்ச ஒடம்பு. அரசாங்கம் எழுதினாலும் எழுதாட்டியும் இதுல கை வைக்க ஒங்களுக்கும் ஹக்கு இல்ல, எனக்கும் இல்ல. எங்களத் தொரத்தினவங்களும் ஊருக்கு நல்லது எண்டுதான் சொன்னாங்க. நிறையப் பேர் சேந்து சொன்னா அது ஞாயமாயிருமா?”

அவர் ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கையை நீட்டினார். பிடுங்கவில்லை. கம்புகள் ஒன்றொன்றாக அவர் கைக்குப் போயின. என் முன்னாலும் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், கம்பை மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.

பொலிஸ் வந்து ரியாஸை ஏற்றியபோது அவரும் கூடவே ஏறினார். கதிரையும் ஏறியது. “முறைப்பாடு எழுதியாச்சு, நீங்க போங்க” என்று பொலிஸில் சொல்லியும் கேட்கவில்லை. “இவனுக்கு அடி விழுந்தா நான்தான் சாட்சி” என்று வாசலில் கதிரையைப் போட்டு, நீதவான் முன் கொண்டுபோகும்வரை அசையாமல் இருந்தாராம். களவு கொடுத்தவனே கள்ளனுக்குக் காவல் இருந்த வழக்கை அதற்கு முன் அந்தப் பொலிஸ் நிலையம் கண்டிருக்காது.

மோட்டர் கிடைக்கவில்லை. கள்ளனுக்குப் பரிந்து பேசியவனுக்குத் தண்ணீர் கிடையாது என்று பக்கத்துத் தோட்டக்காரர்களும் குழாயை மூடிவிட்டார்கள். மிளகாய் முழுதும் கருகியது. நியாயம் கதைத்த ஒரே மனிதனைத் தண்டிக்க மட்டும் அந்த ஊர் எவ்வளவு ஒற்றுமையாக நின்றது!

அடுத்த வாரம் அவர் அலுவலகத்துக்கு வந்தார். அன்று காலை முழுக்க நான் பயந்து பயந்து இருந்தேன். அத்தனை பேர் முன்னால், “தம்பி, அண்டைக்கு ஒங்கட கையில என்ன இருந்த?” என்று அவர் கேட்டால் நான் எங்கே போய் முகத்தை வைப்பேன்? அவர் அமர்ந்தார். என் விண்ணப்பத்தை எங்கே தொலைத்தீர்கள், நாலு மாதமாக என் காணி அனுமதிப் பத்திரம் எங்கே தூங்குகிறது என்று வழக்கம்போலவே மேசையைத் தட்டிச் சண்டை பிடித்தார். மவுத்தாகி மண்ணுக்குப் போகும்வரை அந்தக் கம்பைப் பற்றி என்னிடமோ வேறு எவரிடமோ ஒரு சொல் சொல்லவில்லை. நான் கம்பு பிடித்ததையே காணாதவர்போல அன்று அவர் என்னோடு அப்படிச் சண்டை பிடித்ததை நினைத்தால், எனக்கு இன்றைக்கும் கண் கலங்குகிறது.